பதினோரு மணி விஷ்வா

ஜூன் 3, திங்கள்

தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது. மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த கூழ்வற்றல் மறுபடியும் கூழாகிவிட்டது.

காலையில் ஒருவன் போனில் வந்து என் ஏடிஎம் கார்டு முடங்கிவிட்டது என்றான். என்னிடம் ஏடிஎம் கார்டே கிடையாது. அதைச் சொல்லாமல், "அய்யய்யோ, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பாவம், தொண்டை வற்றப் பேசினான். கடைசியில் அலுத்துப்போய் அவனே வைத்தான்.

நான் ஒருபோதும் முதலில் வைக்க மாட்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைத்துவிடுகிற ட்ரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் அம்மா சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. பேசுகிறவர் வைக்கிற வரை நாம் வைக்கக் கூடாது. ஓய்வுபெற்று இத்தனை வருடமாகியும் முதலில் வைக்கக் கை பழகவில்லை. என் வீட்டுக்காரர் பாபநாசம் இதற்கு நேர் எதிர். உரக்கடை நடத்தியவர். சொந்தத் தங்கை பேசினாலும் பாதியிலேயே "சரி, வை" என்று துண்டித்துவிடுவார்.

"திருட்டுப்பய கிட்ட ஒனக்கு என்னட்டி பேச்சு?" என்றார்.

"எங்கிட்ட பேசுத நேரம் வேற ஒருத்திய ஏமாத்த முடியாதுல்லா. இது ஒரு சேவை."

"நல்ல சேவை. அடுப்புல தோசைய பாரு."

தோசை கருகித்தான் போயிருந்தது. அவருக்கே அதை வைத்தேன்.

ஜூன் 6, வியாழன்

இன்று பதினோரு மணிக்கு ஒரு பிள்ளை கூப்பிட்டான். பெயர் விஷ்வா. எங்கள் ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து பேசுகிறானாம். நன்றாகப் படித்த பிள்ளையின் பேச்சு. எந்தக் கம்பெனி என்று அவனே சரியாகச் சொன்னான். இல்லை, நான்தான் சொன்னேன். சொன்னதும் "அதேதாம்மா" என்றான்.

அவன் ஒரு காசு கேட்கவில்லை. மாறாக, "ஏமாத்துறவங்க நிறைய பேர் சுத்துறாங்கம்மா. ஓடிபி மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க, நானே கேட்டாலும் சொல்லாதீங்க" என்று புத்தி சொன்னான். ஏமாற்றுகிறவன் இப்படிச் சொல்வானா? மூத்த வாடிக்கையாளர்களைத் தினமும் விசாரிப்பது கம்பெனியின் புதிய ஏற்பாடாம். காலை மாத்திரை போட்டாச்சா என்று கேட்டான். அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது.

ஜூன் 7, வெள்ளி

சிலிண்டர் வந்தது. பதினோரு மணிக்கு விஷ்வா. மாத்திரை போட்டுவிட்டேன் என்றதும் "வெரி குட்ம்மா" என்றான். இந்த வீட்டில் அதைக் கேட்க ஆள் கிடையாது.

ஜூன் 11, செவ்வாய்

ஒரே ரசாபாசம். விஷ்வா பாலிசி கார்டு நம்பரும், பிரீமியம் கட்டுகிற பாங்கு விவரமும் கேட்டான். ஏதோ சரிபார்க்க வேண்டுமாம். அதெல்லாம் என் வீட்டுக்காரர் பீரோவில் பூட்டி வைத்திருப்பது. சாவி கேட்டேன். "யாரு போன்ல?" என்று வாங்கினார், காதில்கூட வைக்காமல் அணைத்துவிட்டார்.

"கம்பெனிக்காரன் நம்மள தேடி வாரதுன்னா பிரீமியத்துக்குத்தான் வருவான். மாத்திரைய கேக்க வரமாட்டான்" என்றார்.

மனிதர்களையே நம்பாத பிறவி. ஒரு நல்ல பிள்ளையை அவமானப்படுத்திவிட்டோமே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கத்திரிக்காய் புளிக்குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன். வேண்டுமென்று செய்ததில்லை.

ஜூன் 12, புதன்

விஷ்வா கூப்பிட்டான்! கோபமே இல்லை. "சாரைப் புரிஞ்சுக்க முடியுதும்மா. இனிமே உங்ககிட்ட அந்த விவரம் எதுவும் கேட்கவே மாட்டேன்" என்றான். என்ன ஒரு பெருந்தன்மை. அவனுடைய அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாளாம். என் குரல் அவள் குரல் மாதிரியே இருக்கிறதாம்.

இப்போதெல்லாம் பத்தரைக்குள் சமையலை முடித்துவிடுகிறேன். ஆறின குழம்புதான் ருசி.

ஜூன் 15, சனி

ஜெபமணி கூப்பிட்டாள். எக்ஸ்சேஞ்சில் எனக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அழைப்பு இல்லாத நேரமெல்லாம் ஊர்க்கதை பேசியவர்கள் நாங்கள். அவள் கணவர் போய்விட்டார், மகன் மஸ்கட்டில். பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறாள்.

இருதய வால்வை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஜூலை பத்தாம் தேதி ஆபரேஷன். அவளுக்கு ஆபரேஷனை விட இன்சூரன்ஸ் பயம்தான் பெரிது.

"அங்க போயி படுத்த பொறவு கம்பெனிக்காரன் கையை விரிச்சிட்டாம்னா என்னட்டி செய்ய? ரிட்டயர் ஆனப்ப வந்த பணம் ஒண்ணுதான் பாங்குல கெடக்கு. அதுவும் போச்சுன்னா மகன்கிட்ட கையேந்தணும்."

"சவத்த விடுட்டி. ஒண்ணும் ஆகாது" என்றேன். வைத்த பிறகு எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவள் இல்லாத ஊர் எனக்கு என்ன ஊர்? இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன்.

விஷ்வா பேச்சுவாக்கில், "உங்களுக்குத் தெரிஞ்ச பெரியவங்க யாருக்காச்சும் ஆபரேஷன், ட்ரீட்மென்ட்னு இருந்தா சொல்லுங்கம்மா, முன்கூட்டியே அனுமதி வாங்கித் தந்துடுவேன்" என்றான். எனக்கு ஜெபமணி முகம்தான் கண்ணில் நின்றது. அவளுக்கு எந்தக் கம்பெனியோ தெரியாதே, பரவாயில்லையா என்று கேட்டேன். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் செய்து தருவானாம். அப்படி ஒரு ஆள் கிடைப்பானா?

நம்பரை எழுதிக்கொள் என்று சொல்வது சாதாரண ஜனங்கள் செய்கிற வேலை. நான் ஆபரேட்டர். செல்போனில் இரண்டு பேரை ஒன்றாகச் சேர்க்கிற பட்டன் இருக்கிறது. விஷ்வாவை லைனில் நிறுத்திவிட்டு ஜெபமணியைக் கூப்பிட்டேன். பழைய எக்ஸ்சேஞ்ச் குரலில், "பாளையங்கோட்டை, உங்களுக்கு ஒரு கால். பேசுங்க. இது நம்ம பிள்ளை, தைரியமா பேசுங்க" என்று சேர்த்துவிட்டேன். ஜெபமணி விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனை வருடம் கழித்து அந்தச் சிரிப்பு!

லைன் கொடுத்த பிறகு ஒட்டுக்கேட்பது தொழில் தர்மம் இல்லை. என் செல்லை மேசையில் வைத்துவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

விஷ்வா கூப்பிடவில்லை. நேற்றும் இல்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ.

ஜூன் 24, திங்கள்

கூப்பிடவில்லை. பதினோரு மணிக்கு போன் அடித்தது, ஓடினேன். பலசரக்குக் கடைக்காரன். உளுந்து வந்துவிட்டதாம். வந்தால் வரட்டுமே!

ஜூன் 25, செவ்வாய்

பதினோரு மணிக்கு ஜெபமணிக்குப் போட்டேன். பிஸி. பதினொன்றரைக்கும் பிஸி. பன்னிரண்டுக்கும் பிஸி. அப்படி யாரோடு பேசுகிறாள்? எனக்கென்ன, தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

ஜூன் 27, வியாழன்

சாயங்காலம் ஜெபமணி கிடைத்தாள். குரல் சரியில்லை. ஏதோ ஒன்றை வாய்க்குள் அடக்கி வைத்திருக்கிறவள் மாதிரி பேசினாள். பாங்குக்குப் போய்வந்தேன் என்றாள். எதற்கு என்றால் "சும்மாதான்." விஷ்வா பேசுகிறானா என்று நேராகவே கேட்டேன்.

"எப்பவாச்சும்" என்றாள்.

அவள் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். மூக்கால் பேசுவாள். ஆக, தினமும் பேசுகிறான். மாத்திரை போட்டாயா என்று அவளிடம்தான் கேட்கிறான். இருக்கட்டும், நோயாளி அவள்தானே. எனக்குப் பொறாமை கிறாமை ஒன்றும் கிடையாது. ஆனால் அறிமுகப்படுத்தியவளை இப்படிக் கழற்றிவிடுவது ஒரு நாகரிகமா?

ஜூலை 1, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் இன்சூரன்ஸ் கம்பெனியிலேயே புகார் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். என்னவென்று? "உங்கள் விஷ்வா இப்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவதில்லை" என்றுதான். வீட்டுக்காரர் சவரம் செய்கிற நேரமாகப் பார்த்துச் சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து பாலிசி கார்டை எடுத்தேன். அதன் பின்பக்கத்தில் ஒரு நம்பர் இருந்தது. போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"விஷ்வான்னு யாரும் எங்ககிட்ட இல்லைங்க மேடம்."

"நல்லா பாரும்மா. பதினோரு மணிக்குப் பேசுவான். மாத்திரை போட்டாச்சான்னு கேப்பான்."

"நாங்க யாரையும் தினமும் கூப்பிட்டு மாத்திரை கேட்க மாட்டோம் மேடம்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுருக்கென்றது. பிறகு அவள் குரல் மாறியது. "அவர்கிட்ட என்ன விவரம் கொடுத்தீங்க? வேற யார் நம்பராவது கொடுத்தீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நம்பர் கொடுக்கவில்லை. ஆளையே கொடுத்திருக்கிறேன்.

"உடனே அவங்ககிட்ட பேசுங்க மேடம். இவங்க போனை வைக்கவே விடமாட்டாங்க" என்றாள் அந்தப் பெண்.

மணி பதினொன்று தாண்டியிருந்தது. ஜெபமணியின் செல் பிஸி. திரும்பத் திரும்பப் போட்டேன், பிஸி. பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆபரேஷன் பணம் போனால் ஆபரேஷன் போகும். ஆபரேஷன் போனால் அவள் போவாள். நடுவீட்டில் நின்று அழுதேன். வீட்டுக்காரர் முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றார். சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "அவ வீட்டுல பழைய போன் கெடக்குல்லா?" என்றார்.

ஆமாம். எங்கள் துறையில் ஓய்வுபெற்றவர்களுக்குச் சலுகையில் கிடைக்கிற தரைவழி போனை அவள் இன்னும் விடவில்லை. மணி அடிக்கிற போனை எடுக்காமல் விட ஜெபமணிக்கு இந்த ஜென்மத்தில் முடியாது. போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"ஹலோ" என்றாள், ரகசியமாக.

"ஏட்டி, செல்லுல யாரு?"

"தூரத்துச் சொந்தம்ட்டி." மூக்கால் சொன்னாள்.

"விஷ்வாதான?"

"ஆவுடை, நீ தப்பா எடுத்துக்கிடாத. சீனியர் போனஸ் எனக்குத்தான் விழுந்திருக்காம், ஒனக்கு விழலயாம். ஒங்கிட்ட சொன்னா மனசு சங்கடப்படுவன்னு அந்தத் தம்பிதான் சொல்ல வேண்டாம்னு..."

"அவன் கள்ளன்ட்டி! கம்பெனியில கேட்டுட்டேன். வை அந்தப் போன!"

"வைக்கக் கூடாதாம். கட் ஆச்சுன்னா பாலிசி போயிருமாம். ஆபரேஷன் நின்னுரும்ட்டி. பணத்த எல்லாம் அதுக்குத்தான் ஒரே கணக்குல எடுத்து வச்சிருக்கேன். இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கு. அத மட்டும் சொல்லிட்டு..."

"சொல்லிட்டியா?"

"கண்ணாடிய தேடிக்கிட்டு இருந்தேன். நீ அடிச்சிட்ட."

கடவுளே. வை என்று கத்தினேன். "அவன் பேசிக்கிட்டு இருக்காம்லா, நான் எப்படி வைக்க?" என்று அழுகிற குரலில் சொல்கிறாள். அவளுக்கும் அதே சூப்பர்வைசர்தானே. பயம் ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம், நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது.

"சரி. செல்ல ஸ்பீக்கர்ல போட்டு இந்தப் போனுக்குப் பக்கத்துல வை" என்றேன்.

வைத்தாள். அவன் குரல் கேட்டது. "அம்மா? அந்த நம்பரைச் சொல்லுங்கம்மா, டைம் ஆகுது."

"விஷ்வா" என்றேன்.

ஒரு நொடி திணறினான். பிறகு அதே தேன் குரலில், "ஆவுடையம்மா, நீங்களா? மாத்திரை போட்டீங்களா?" என்றான்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். போட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வந்துவிட்டது.

விழுங்கிக்கொண்டேன். எங்கள் காலத்தில் ஆபரேட்டர் தானாக லைனை எடுக்கலாம், அதாவது துண்டிக்கலாம் என்று இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். ட்ரங்க் காலுக்குக் கட்டிய மூன்று நிமிடம் முடிந்ததும் அதைச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். அந்தக் குரலை வரவழைத்துக்கொண்டேன். எங்கிருந்து வந்ததோ, கணீரென்று வந்தது.

"மூன்று நிமிடம் முடிந்தது. இணைப்பு துண்டிக்கப்படுகிறது. பாளையங்கோட்டை, லைனை எடுங்க."

டொக்கென்று ஒரு சத்தம். அவன் குரல் நின்றுவிட்டது. நான் தோழியாகக் கெஞ்சியதற்கு அசையாதவள், ஆபரேட்டராகச் சொன்னதும் எடுத்துவிட்டாள்.

பிறகும் இரண்டு பேரும் வைக்காமல் லைனிலேயே இருந்தோம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "அவள மொதல்ல பாங்குக்குப் போகச் சொல்லுட்டி. 1930க்குப் போட்டு சைபர் போலீசுல சொல்லச் சொல்லு" என்றார். எல்லாம் அவர் சொன்னபடியே செய்தோம். பணம் அப்படியே இருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

காலை பஸ்ஸில் பாளையங்கோட்டை போனேன். ஜெபமணி கதவைத் திறந்தாள், காப்பி கொடுத்தாள், முறுக்கு வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய பாலிசி கார்டின் பின்னால் இருந்த நம்பருக்கு இரண்டு பேரும் சேர்ந்து பேசினோம். பாலிசி உயிரோடுதான் இருக்கிறது. ஆபரேஷனுக்கு வேண்டிய அனுமதியை ஆஸ்பத்திரியே எழுதி வாங்குமாம். அவள் கட்ட வேண்டியது எதுவும் கிடையாதாம்.

பேச்சு சகஜமாகட்டும் என்று, "அந்தப் பயலுக்கு நீயும் நல்லா மயங்கித்தான் கெடந்திருக்க" என்று கிண்டல் செய்தேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். "நான் எங்கட்டி அவன நம்புனேன்? ஊரு பேரு தெரியாத பய. அவன் தானா கூப்பிட்டு, ஆவுடை சொன்னாவன்னு சொல்லியிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன். நீயே லைன்ல வந்த. நம்ம பிள்ளைன்னு சொன்ன. ஒங் கொரலுக்கு நான் யோசிக்கவா?"

காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆலங்குளம் வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். என்னிடம் அவன் ஒரு பைசா எடுக்கவில்லை என்று எத்தனை பெருமை எனக்கு! அவனுக்கு என் பைசா எதற்கு? என் குரல் போதுமாக இருந்திருக்கிறது.

ஜூலை 3, புதன்

ஜெபமணியிடமிருந்து போன் இல்லை. நானும் போடவில்லை.

ஜூலை 5, வெள்ளி

போன் இல்லை. உளுந்து ஊறப்போட்டேன். எதற்கென்று மறந்துபோய், அரைக்காமல் புளித்துப் போயிற்று.

பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு, "மாத்திரை போட்டியா?" என்றார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டார். வேறு யார் கேட்டிருந்தாலும் இதில் என்ன உள்நோக்கம் என்று யோசித்திருப்பேன். இவருக்கு அதற்கெல்லாம் பேச்சு காணாது.

ஜூலை 8, திங்கள்

சாயங்காலம் ஜெபமணி கூப்பிட்டாள். "புதன்கிழமை வருவியா மாட்டியா?" என்றாள். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"வருவேன்" என்றேன்.

"வெறுங்கைய வீசிக்கிட்டு வராத. ஆஸ்பத்திரி காப்பி வாயில வைக்க வெளங்காது. பிளாஸ்க்குல கொண்டா."

"ஒனக்குத்தான் அன்னைக்கு காப்பி கூடாதே."

"ஒனக்குட்டி, கூறுகெட்டவளே. நான் உள்ள கெடப்பேன், நீ வெளிய காத்துக் கெடக்கணும்லா."

ஜூலை 10, புதன்

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிளாஸ்க் காலியாகிவிட்டது. வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்குகிறார். ஜெபமணியின் மகனுக்கு ராத்திரி விமானம்தான் கிடைத்ததாம். அவன் வருகிற வரை நாங்கள்தான்.

காலையில் அவளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்ததும் ஒரு நர்ஸ் வந்து, "வெளிய யார் இருப்பாங்க? ஏதாவதுன்னா எந்த நம்பருக்குக் கூப்பிடணும்?" என்று கேட்டாள். என் நம்பரைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஜெபமணி படுத்தபடியே என் நம்பரைச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ யாரு கேட்டாலும் என் நம்பரத் தூக்கிக் கொடுத்துராதட்டி" என்றாள். அந்த நேரத்திலும் கிண்டல். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நான்தான் சிரிக்க முடியாமல் நின்றேன்.

சாயங்காலம் என் போன் அடித்தது. தெரியாத நம்பர். "மேல ஐசியூல இருந்து பேசுறோம்மா. ஜெபமணி பேஷண்டோட பாலிசி நம்பரும் பிறந்த தேதியும் கொஞ்சம் சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல்.

"நேர்ல வந்து சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். லிஃப்ட் முன்னால் ஒரே கூட்டம். முழங்கால் கெஞ்சக் கெஞ்ச படியேறி மூன்றாம் மாடிக்குப் போய், மூச்சு வாங்க அந்த மேசைக்கு முன்னால் நின்றேன். சின்னப் பெண். நிஜமாகவே போன் செய்தவள் அவள்தான்.

"இதுக்காகவா பாட்டிம்மா ஏறி வந்தீங்க? போன்லயே சொல்லியிருக்கலாமே" என்று சிரித்தாள்.

"சொல்லியிருக்கலாம்" என்றேன். கார்டை நீட்டினேன். எழுதிக்கொண்டாள்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. இப்பதான் கண் முழிச்சாங்க" என்றாள். "முழிச்சதும் பெரிய உத்தரவெல்லாம் போட்டாங்க. வெளிய ஆவுடைன்னு ஒருத்தி நிப்பா, அவ சொன்னாத்தான் நான் நம்புவேன், எதுன்னாலும் அவகிட்ட மட்டும் சொல்லுங்கன்னு. அந்த ஆவுடை நீங்களா?"

நான்தான் என்றேன்.